திரையில் ஒரு யாளி: டிஜிட்டல் ஸ்கல்ப்டிங் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் திரையில் களிமண்ணைப் போல உருவம் செதுக்கும் டிஜிட்டல் ஸ்கல்ப்டிங் பழக வருகிற பலரும் முதல் நாளே செதிலில் கை வைத்துவிடுகிறார்கள். ஒரு உருண்டையை எடுத்து, நெட்டில் கிடைத்த செதில் முத்திரையை அதன்மேல் குத்திக் குத்தி, இரண்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் திணறும் அளவுக்கு மெஷ்ஷை (உருவத்தின் பரப்பாக நிற்கும் கண்ணி வலையை) கனக்க வைத்துவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் செதில் இருக்கும், தலை இருக்காது. இந்த வழிகாட்டி அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது: முதலில் பருமன், பிறகு எலும்பு, அப்புறம் சதை, எல்லாம் முடிந்த பின்தான் தோல்.

செய்யப்போகும் உருவம் ஒரு யாளி, தலையிலிருந்து மார்பு வரை. யாளியில் சிம்ம யாளி, யானை யாளி, மகர யாளி என்று பல வகை உண்டு. நாம் எடுத்துக்கொள்வது ஒரு கலவை: முதலையின் தாடை, காளையின் கொம்பும் திமிலும், யானையின் துதிக்கை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. உருவம் கற்பனையானாலும் அதன் உறுப்புகள் எல்லாம் உயிரோடு உள்ளவை, அதுவும் கொங்கு நாட்டிலேயே நேரில் போய்ப் பார்க்கக் கூடியவை. கற்பனை விலங்கு நம்பும்படி இருப்பதும் சொதப்புவதும் அதன் உறுப்புகளை நிஜ விலங்கில் எவ்வளவு உற்றுப் பார்த்தோம் என்பதைப் பொறுத்ததுதான்.

என்ன வேண்டும்

மென்பொருள்: பிளெண்டர். இலவசம், கட்டற்ற மென்பொருள், ஸ்கல்ப்டிங், வண்ணம், ரெண்டர் (ஒளியமைத்து இறுதிப் படமாக்குவது), பிரிண்டுக்கு அனுப்புவது எல்லாம் ஒரே இடத்தில் முடியும். சினிமா ஸ்டுடியோக்களில் ஸிபிரஷ்தான் ராஜா, மறுப்பதற்கில்லை. ஆனால் அது சந்தா கட்டி வாங்க வேண்டியது, அதன் மெனு அமைப்பும் வேறெந்த மென்பொருளையும் போல இருக்காது. டேப்லெட்டிலோ ஐபேடிலோ மட்டும் வேலை செய்ய விரும்புவோருக்கு நோமேட் ஸ்கல்ப்ட் போதும், விலையும் குறைவு. கீழே சொல்லும் படிகளின் வரிசை மூன்றுக்கும் பொருந்தும். பட்டன்களின் பெயர்கள் பிளெண்டர் 4.3-க்குப் பிந்தைய பதிப்புகளை ஒட்டியவை. அந்தப் பதிப்பில்தான் பிரஷ்கள் (செதுக்கும் கருவிகள்) எல்லாம் திரையின் அடியில் ஒரு வரிசையாக வந்து அமர்ந்தன. பழைய வீடியோக்களைப் பார்த்துப் பழகினால் அவை இடது ஓரத்தில் இருப்பதாகக் காட்டும், குழம்ப வேண்டாம்.

கம்ப்யூட்டர்: 8 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கலாம், 16 இருந்தால் நிம்மதி. ஸ்கல்ப்டிங்கைப் பொறுத்தவரை விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைவிட ரேமும் பிராசஸரும்தான் முக்கியம். கார்டின் அருமை ரெண்டர் செய்யும்போது தெரியும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் உட்கார வேண்டாம். கரண்ட் போகும் நேரம் எப்போதும் நன்றாக வந்த கண்ணிமை சேவ் ஆகாத நேரமாகத்தான் இருக்கும்.

பேனா டேப்லெட்: மௌஸில் செதுக்க முடியாது என்றில்லை, ஆனால் அழுத்தம் கிடைக்காது. எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் விழும், தோல் செத்துப்போன மாதிரி தெரியும். வாகோம், ஹுயான், எக்ஸ்பி-பென் இவற்றில் திரை இல்லாத சின்ன மாடல் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். திரையுள்ள மாடலுக்கு இப்போது செலவழிக்க வேண்டாம்.

பார்த்துப் படமெடுக்க வேண்டியவை

காங்கேயம் காளையைப் பார்க்க ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகலாம், இல்லை காங்கேயம் பக்கம் எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது கொம்பு. அடியில் பருத்து வெளிப்பக்கமாகக் கிளம்பி, பின்னோக்கிப் போய், நுனியில் மறுபடி உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்ட ஒரு வட்டத்தை முடிக்கப் பார்க்கும். பக்கவாட்டில் மட்டும் படமெடுத்தால் இந்த வளைவு புரியாது. முன்னால், பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் ஏறி மேலிருந்து என மூன்று படம் வேண்டும். காங்கேயத்துக்கு அலைதாடி மெல்லியது, மார்பெலும்போடு நின்றுவிடும். தொங்கத் தொங்க வரைந்தால் அது வேறு மாடு.

முதலைக்கு உடுமலையை அடுத்த அமராவதி அணை முதலைப் பண்ணை. அங்கிருப்பது சதுப்பு நில முதலை, நீண்டு ஒடுங்கிய மூக்கு கிடையாது, அகன்ற முகம். வாய் மூடியிருக்கும்போதும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். கண்ணும் மூக்குத் துவாரமும் தலையின் மேல் தளத்தில் இருக்கும். யானைக்கு டாப்சிலிப்பை ஒட்டிய கோழிகமுத்தி முகாம். துதிக்கையின் முன்பக்கம் குறுக்கு மடிப்புகள் எவ்வளவு நெருக்கம் என்பதையும் நுனியில் ஒரே ஒரு விரல் போன்ற பகுதி இருப்பதையும் பாருங்கள். ஆசிய யானைக்கு ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு.

யாளியின் முகபாவத்துக்கு உங்கள் ஊர்க் கோயில் மண்டபத் தூணும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரும் போதும். நாயக்கர் கால மண்டபங்களில் யாளி பெரிய அளவில் நிற்கும். படமெடுக்கும் முன் கோயிலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். திருமுருகன்பூண்டிச் சிற்பக் கூடங்களில் பாதி முடிந்த சிலைகளைப் பார்க்கக் கிடைத்தால் விட வேண்டாம். முடிந்த சிலையைவிட அவைதான் அதிகம் சொல்லித்தரும்: முகமாக வரப்போகிற இடம் இன்னும் சதுரக் கட்டையாக நிற்கும், கண் இருக்கும் மட்டத்துக்கு ஒரு கோடு மட்டும் ஓடும்.

போனில் படமெடுக்கும்போது கிட்டப் போய் எடுக்காதீர்கள். அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கி காதைச் சின்னதாக்கிவிடும். நாலு அடி பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். எடுத்த படங்களைப் பியூர்ரெஃப் போன்ற ஒரு மென்பொருளில் ஒரே பலகையாக அடுக்கித் திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வேலை தொடங்கும் முன் செட்டிங்

1. பிளெண்டரில் ஃபைல் மெனுவில் நியூ, அதில் ஸ்கல்ப்டிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு உருண்டையோடு ஸ்கல்ப்ட் மோடில் திறக்கும்.

2. பேனா அழுத்தம் வேலை செய்கிறதா என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பிரிஃபரன்ஸஸ், இன்புட், டேப்லெட் ஏபிஐ என்ற இடத்தில் ‘விண்டோஸ் இங்க்’கிலிருந்து ‘வின்டேப்’புக்கோ, அங்கிருந்து இங்கோ மாற்றுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அழுத்தம் வராததற்குக் காரணம் டேப்லெட்டின் டிரைவர் ஒன்றைப் பேச, பிளெண்டர் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். பேனாவை ஊன்றியதும் வட்டம் சுழன்று கோடு தாமதமாக விழுந்தால், அது விண்டோஸின் ‘பிரஸ் அண்ட் ஹோல்ட்’ வசதி. அதை அணைத்துவிடுங்கள்.

3. பேனாவின் பக்கவாட்டுப் பட்டனுக்கு மௌஸின் நடுப் பட்டனைக் கொடுங்கள். உருவத்தைச் சுற்றிப் பார்க்க அதுதான் வேண்டும். லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லையென்றால் இன்புட்டிலேயே ‘எமுலேட் நம்பேட்’ இருக்கிறது.

4. ‘என்’ விசையை அழுத்தினால் வலப்பக்கம் வரும் பலகையில் வியூ பகுதிக்குப் போய், ஃபோகல் லெங்த் 50 என்றிருப்பதை 85 ஆக்குங்கள். போன் படத்துக்குச் சொன்ன அதே காரணம்தான். 50-ல் கிட்டப் போய்ச் செதுக்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும், நீங்கள் அதைக் குறைத்துக்கொண்டே வருவீர்கள். ரெண்டரில் மூக்கு சப்பையாக நிற்கும்.

5. மேல் வலது மூலையில் ஷேடிங் பட்டியலில் மேட்கேப் (உருவத்தின்மேல் ஒளியும் நிறமும் சேர்த்துப் போர்த்தும் பூச்சு) வைத்து, களிமண் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பளபளக்கும் மேட்கேப் எல்லாக் குறையையும் அழகாகக் காட்டி ஏமாற்றும். மேடு பள்ளங்களை அழுத்திக் காட்டும் கேவிட்டியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.

6. ஒரு பக்கம் செய்வது மறுபக்கமும் தானாக வருவதற்குச் சிமெட்ரியில் எக்ஸ் ஒளிர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விரல் பழக வேண்டியவை குறைவுதான். எஃப் பிரஷின் அளவு, ஷிஃப்ட் எஃப் அதன் பலம், கன்ட்ரோல் அழுத்தியபடி இழுத்தால் தலைகீழ் (குவிப்பது குழிக்கும்), ஷிஃப்ட் அழுத்தியபடி இழுத்தால் மழுங்கும். பிரஷ்கள் நூறு இருக்கலாம், முதல் யாளிக்கு ஏழு போதும்: கிராப், கிளே ஸ்ட்ரிப்ஸ், ஸ்க்ரேப், கிரீஸ், இன்ஃப்ளேட், டிரா ஷார்ப், மாஸ்க். மற்றவற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை ஒத்திப் போடுங்கள்.

உருண்டைகளை அடுக்கித் தலை

ஒரே உருண்டையிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துச் செய்யலாம்தான். ஆனால் தொடங்குவோருக்குப் பல உருண்டைகளை அடுக்குவது சுலபம், ஏனென்றால் பிடிக்காத பாகத்தை நகர்த்திவிடலாம். ஆப்ஜெக்ட் மோடுக்கு வாருங்கள். ஷிஃப்ட் ஏ, மெஷ், யூவி ஸ்பியர். தானாக வருவது 2 மீட்டர் விட்டம், அதை மண்டையோடாக வைத்துக்கொள்ளலாம். திரையில் மீட்டர் என்பது வெறும் அளவுகோல், பிரிண்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

முகம் மைனஸ் ஒய் திசையைப் பார்க்க வேண்டும். நம்பர் பேடில் 1 அழுத்தினால் தெரியும் முன்பார்வை அதுதான். இப்போது சேர்க்க வேண்டியவை, எக்ஸ், ஒய், இஸட் என்ற வரிசையில் தோராயமான ஸ்கேலோடு: மேல்தாடை (0.55, 0.9, 0.4), கீழ்த்தாடை (0.5, 0.85, 0.2), கழுத்து (0.8, 0.9, 1.3), திமில் (0.5, 0.6, 0.5), மார்புக்கு ஒரு பெரிய உருண்டை (1.2, 1.1, 1.0). கீழ்த்தாடையை 20 முதல் 25 டிகிரி கீழே சாய்த்து வாயைத் திறந்தே வையுங்கள். இதற்குக் காரணம் சற்றுப் பின்னால் வரும்.

தாடையின் கீல் எங்கே என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். உதடு முடியும் இடத்தில் தாடை மடங்காது. முதலையைப் பாருங்கள், கீல் கண்ணைத் தாண்டி மண்டையின் பின்கோடியில் இருக்கிறது. கீழ்த்தாடையை நீட்டி அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புங்கள். உதட்டு ஓரத்தைச் சுற்றித் திருப்பினால் வாய் திறந்த மாதிரி இருக்காது, கிழிந்த மாதிரி இருக்கும்.

இந்த நிலையில் ஒருமுறை நிழலுருவம் பாருங்கள். ஷேடிங்கில் லைட்டிங்கை ஃபிளாட் ஆக்கி, நிறத்தைக் கறுப்பாக்கினால் விளிம்பு மட்டும் தெரியும். பக்கவாட்டிலும் முக்கால் பார்வையிலும் அந்தக் கறுப்பு உருவம் யாளி என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் எந்தச் செதிலும் பின்னால் வந்து காப்பாற்றாது. மேலே போக வேண்டாம், உருண்டைகளை நகர்த்துங்கள்.

சரியானதும் ஒவ்வொரு உருண்டைக்கும் கன்ட்ரோல் ஏ, ஸ்கேல் என்று கொடுத்து அளவை நிலைப்படுத்துங்கள். தவறவிட்டால் பிரஷ் வட்டமாக இல்லாமல் நசுங்கி வேலை செய்யும். பிளெண்டரே எச்சரிக்கும், பலர் அந்தச் செய்தியைப் படிப்பதில்லை. பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கடைசியாக மண்டை உருண்டையை ஷிஃப்டோடு கிளிக் செய்து, கன்ட்ரோல் ஜே. கடைசியாகத் தொட்டதன் மையப் புள்ளிதான் மொத்தத்துக்கும் மையமாகும். திமிலையோ கொம்பையோ கடைசியில் தொட்டு, அது நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் சிமெட்ரி கோணிவிடும், இடது கண்ணைத் தொட்டால் நடு நெற்றியில் குழி விழும்.

வாக்ஸல் ரீமெஷ்: நண்பனும் எதிரியும்

ஸ்கல்ப்ட் மோடுக்குத் திரும்பி, மேலே ரீமெஷ் மெனுவில் வாக்ஸல் அளவை 0.08 என்று வைத்து, கன்ட்ரோல் ஆர். ஒட்டி நின்ற உருண்டைகள் எல்லாம் ஒரே தோலாக இணைந்துவிடும். வாக்ஸல் ரீமெஷ் செய்வது இதுதான்: உருவம் நிற்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, உள்ளே எது வெளியே எது என்று பார்த்து, எல்லையில் புதிதாக ஒரு தோலைப் போர்த்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் அதன் மூன்று தொந்தரவும் தானாக விளங்கும்.

கட்டத்தைவிட மெல்லிய பாகம் கிழியும். வாக்ஸல் 0.05 என்றால் காது மடலின் கனம் குறைந்தது 0.1 இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டை விழும். ஒரு கட்டத்துக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு பரப்பு ஒட்டிக்கொள்ளும். வாயை மூடிச் செய்தால் உதடு இரண்டும் ஒன்றாகிப் போவது இதனால்தான், அதற்குத்தான் வாயைத் திறந்து வைத்தோம். மூன்றாவது, ஓட்டை உள்ள மெஷ்ஷுக்கு உள்ளே வெளியே என்று இல்லாததால் ரீமெஷ் குப்பையாகத் திரும்பி வரும். திறந்த முனையுள்ள குழாய்தான் வழக்கமான குற்றவாளி.

அளவைப் பாதியாக்கினால் பாலிகான் (மெஷ்ஷை ஆக்கும் சிறு பரப்புத் துண்டு) எண்ணிக்கை நான்கு மடங்காகும். நம் மார்பளவு உருவத்துக்கு அடுக்குகள் இப்படிப் போகலாம்: பருமன் பிடிக்க 0.08, முக அமைப்புக்கு 0.05, கண், உதடு, மூக்குக்கு 0.025. அதற்குக் கீழே இப்போது போகவே வேண்டாம். எப்போது அளவைக் குறைப்பது? இருக்கிற மெஷ்ஷில் நினைத்த வடிவம் உட்கார மறுக்கும்போது மட்டும். அவசரப்பட்டுக் குறைத்தால் என்ன ஆகும் என்றால், ஒவ்வொரு பிரஷ் இழுப்பும் சின்ன மேடு பள்ளமாகத் தங்கிவிடும், ஷிஃப்ட் பிடித்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பரப்பு முழுக்கக் கட்டி கட்டியாக நிற்கும் முதல் மாடல்கள் அத்தனைக்கும் காரணம் இது ஒன்றுதான்.

எலும்பு தெரிய வேண்டிய இடங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வாக்ஸல் 0.05-ல் கிராப்பும் கிளே ஸ்ட்ரிப்ஸும் மட்டும்.

தோலுக்கு மிக நெருக்கமாக எலும்பு வரும் இடங்கள் எல்லா முதுகெலும்பு விலங்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: புருவ மேடு, கன்னத்தெலும்பு, மூக்குத் தண்டு, தாடையின் கீழ் விளிம்பு, தாடை மூலை. இந்த இடங்களில் பரப்பு தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்க வேண்டும், அதற்கு ஸ்க்ரேப். இவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில் சதையும் கொழுப்பும் வருவதால் வளைவு மெதுவாக ஓட வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி உருண்டிருந்தால் உருவம் பலூன், எல்லா இடமும் கூர்மையாக இருந்தால் தகர டப்பா. கூர்மையும் மென்மையும் மாறி மாறி வருவதுதான் கண்ணுக்கு உயிராகத் தெரிகிறது.

புருவ மேட்டைக் கிளே ஸ்ட்ரிப்ஸால் கொஞ்சம் மிகைப்படுத்தியே போடுங்கள். கல் யாளியின் கோபம் அங்கேதான் இருக்கிறது. கன்னத்தெலும்பு கண்ணுக்குக் கீழே தொடங்கிக் காதை நோக்கி ஒரு பாலமாக ஓடட்டும். அதற்கு மேலே பொட்டுப் பகுதியில் ஒரு பள்ளம், கீழே தாடைத் தசையின் புடைப்பு. கடிக்கிற விலங்குக்கு அந்தப் புடைப்பு பெரிதாக வேண்டும்.

கழுத்தில் இரண்டு தசைக் கட்டுகள் போதும். ஒன்று திமிலிலிருந்து மண்டையின் பின்புறத்துக்கு, இன்னொன்று தாடை மூலையிலிருந்து மார்பெலும்புக்கு. காளையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் திமில் தோளுக்கு நேர் மேலே அமர்ந்து லேசாகப் பின்சாய்ந்திருக்கும். அதை முதுகின் நடுவில் வைத்துவிட்டால் ஒட்டகமாகிப் போகும்.

கண்

கண்ணை மெஷ்ஷிலேயே குவித்துச் செய்யாதீர்கள். தனி உருண்டையாகச் சேர்த்து, அதன் துருவம் முன்னோக்கி இருக்கும்படி திருப்பி, மிரர் மாடிஃபையரால் மறுபக்கம் நகலெடுங்கள். மிரர் ஆப்ஜெக்ட்டாகத் தலையைக் கொடுக்க மறந்தால் நகல் அதே இடத்தில் ஒளிந்திருக்கும்.

அளவு ஒரு முக்கியமான தீர்மானம். கண் எவ்வளவு சின்னதோ விலங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். யானையின் தலையோடு ஒப்பிட்டால் அதன் கண் மிகச் சிறியது. நம் 2 மீட்டர் மண்டைக்கு 0.22 முதல் 0.28 விட்டம் போதும். 0.4 போட்டால் யாளிக்குட்டி கிடைக்கும், அதுதான் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள்.

உருண்டையைக் குழிக்குள் பாதிக்கு மேல் புதைத்து, இமையை அதைச் சுற்றிப் போர்த்த வேண்டும். மேலிமைக்கு ஒரு கிளே பட்டை, கீழிமைக்கு ஒன்று, இரண்டும் உருண்டையின் வளைவைப் பின்தொடர வேண்டும். மேலிருந்து பார்த்தால் இமை விளிம்பு நேர்கோடாக இருந்தால் தவறு, வில்லாக வளைந்திருக்க வேண்டும். இமைக்குக் கனம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். காகிதம் போல மெலிந்த இமை ரீமெஷ்ஷில் கிழியும், கிழியாவிட்டாலும் பொம்மைக் கண் போலத் தெரியும்.

கொம்பும் துதிக்கையும் பல்லும்

மூன்றையும் தனிப் பொருளாகச் செய்வது நல்லது. ஸ்னேக் ஹூக் பிரஷால் கொம்பை இழுக்கலாம் என்று வீடியோக்கள் காட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், கனம் சீராக வராது. கர்வ் வழி சுத்தம்:

ஆப்ஜெக்ட் மோடில் ஷிஃப்ட் ஏ, கர்வ், பெஸியர். டேட்டா பகுதியில் ஜியோமெட்ரி, பெவெல், டெப்த் 0.18. அங்கேயே ‘ஃபில் கேப்ஸ்’ தேர்வு செய்யுங்கள். இதை விட்டால் முனை திறந்திருக்கும், மேலே சொன்ன குப்பை ரீமெஷ் வரும். எடிட் மோடில் புள்ளிகளைக் காங்கேயம் கொம்பின் படத்தோடு ஒப்பிட்டு நகர்த்துங்கள், நான்கு புள்ளி போதும். ஒவ்வொரு புள்ளியையும் தேர்ந்தெடுத்து ஆல்ட் எஸ் கொடுத்தால் அந்த இடத்தின் கனம் மாறும்: அடியில் 1, நுனியில் 0.1 அளவுக்கு. திருப்தியானதும் மெஷ்ஷாகக் கன்வர்ட் செய்து, மிரர் போட்டு அதை அப்ளை செய்யுங்கள்.

துதிக்கையும் இதே வழிதான், டெப்த் 0.3, நுனிக்கு வர வர ஒடுங்கட்டும். அதில் எலும்பு இல்லை என்பதால் வளைவில் எங்கும் முறிவு தெரியக் கூடாது. துதிக்கை மேல்தாடையின் நடுவிலிருந்து கிளம்பும் இடத்தில் அதன் அகலம் மூக்குத் தண்டின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் குழாயைச் செருகிய மாதிரி இருக்கும். துதிக்கையைத் தலையோடு இணைத்து ரீமெஷ் செய்யுங்கள். கொம்பைத் தனியாகவே விடுங்கள், அடியில் தோல் அதன்மேல் ஏறும் வளையத்தை மட்டும் தலையில் குவியுங்கள்.

பல்லுக்கு ஒரு கூம்பை வளைத்து ஒரே ஒரு நல்ல பல் செய்யுங்கள். ஆல்ட் டி கொடுத்து நகலெடுத்தால் எல்லாம் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் திருந்தும். ஆனால் ஒவ்வொன்றின் அளவையும் சாய்வையும் கொஞ்சம் மாற்றுங்கள். முதலைக்கு ஒரே உயரத்தில் பல் வரிசை கிடையாது. கீழ்த்தாடையின் நான்காவது பல்லைப் பெரிதாக்கி, அது வந்து அமர மேல்தாடையில் ஒரு வெட்டு விடுங்கள். ஈறு பல்லைச் சுற்றிச் சிறு மேடாக ஏறட்டும். பல் நேராக ஈறிலிருந்து முளைத்தால் ஆணி அடித்தது போல இருக்கும்.

தோலுக்கு முன் மெஷ்ஷை மாற்றுதல்

முகம் 0.025-ல் முடிந்து, நிழலுருவத்தை மறுபடி பார்த்துத் திருப்தியான பின்தான் இந்தப் படி. ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். தானாகவே சேவ் ஆகிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம், யாளி_01, யாளி_02 என்று எண் போட்டுத் தனித் தனி ஃபைலாக வையுங்கள்.

டேட்டா பகுதியில் ரீமெஷ், குவாட், குவாட்ரிஃப்ளோ. இது மெஷ்ஷை ஒழுங்கான நாற்கரத் துண்டுகளாக மாற்றும். பாலிகான் எண்ணிக்கை 15,000, மெஷ் சிமெட்ரியை டிக் செய்துகொள்ளுங்கள். சில நிமிடம் எடுக்கும், திரை உறைந்தது போல நிற்கும், பயப்பட வேண்டாம். முடிந்ததும் மல்டிரெஸல்யூஷன் மாடிஃபையர் சேர்த்து சப்டிவைட் அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நான்கு மடங்கு: 60,000, 2,40,000, 9,60,000, அதற்கு அடுத்து 38,40,000. 8 ஜிபி இயந்திரத்தில் மூன்றாம் நிலையோடு நிறுத்துங்கள், 16-ல் நான்காம் நிலை வரை போகலாம்.

வாக்ஸலில் இல்லாத வசதி இதில் ஒன்று உண்டு. நிலையைக் குறைத்துக்கொண்டு தாடையை நகர்த்தினால் மேல்நிலையில் செதுக்கிய தோல் அப்படியே கூடவே நகரும். ஆகப் பெரிய மாற்றங்களை எப்போதும் கீழ்நிலையில் செய்யுங்கள். நான்காம் நிலையில் கிராப்பை வைத்து மூக்கை இழுத்தால் பரப்பு நெளிநெளியாகிவிடும். மல்டிரெஸ் போட்ட பிறகு வாக்ஸல் ரீமெஷ் பக்கம் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காது சேர்க்க மறந்திருந்தால் முந்தைய எண்ணுள்ள ஃபைலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

மேலுதட்டைத் தொட்டால் கீழுதடும் அசைகிறது என்றால் ஆட்டோ மாஸ்க்கிங்கில் டோப்பாலஜியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஒன்றை மாஸ்க் பூசி மறையுங்கள். கன்ட்ரோல் ஐ மாஸ்க்கைத் தலைகீழாக்கும், ஆல்ட் எம் அழிக்கும். காதின் முன்பக்கத்தைச் செதுக்கும்போது பின்பக்கம் புடைத்தால் பிரஷ் செட்டிங்கில் ‘ஃபிரன்ட் ஃபேஸஸ் ஒன்லி’.

தோல்

ஒரு வழியாகச் செதில். பெரியதிலிருந்து சிறியதற்கு மூன்று சுற்று: மடிப்பு, சுருக்கம், துகள்.

மடிப்பு விழும் திசை தோல் மடங்கும் திசைக்குக் குறுக்காக இருக்கும். கழுத்து பக்கவாட்டில் திரும்புவதால் அதன் மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடும். துதிக்கை சுருள்வதால் அதில் வளையம் வளையமாக வரும். கிரீஸ் பிரஷால் கோட்டைப் போட்டு, அதன் இரு கரையையும் இன்ஃப்ளேட்டால் லேசாக உப்ப வைத்தால்தான் அது மடிப்பு, வெறும் கோடு கீறல்.

செதிலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. முதலையின் உடலில் உள்ளவை வரிசையாக வளர்ந்த செதில்கள், முதுகில் அவற்றுக்கு அடியில் எலும்புத் தகடே உண்டு. முகத்திலும் தாடையிலும் உள்ளவை அப்படியல்ல, தோல் தனக்கு அடியில் உள்ளதைவிட வேகமாக வளர்ந்து, நெருக்குண்டு மடிந்த மடிப்புகள். 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று இவற்றைத் தோலின் வெடிப்புகள் என்றது, 2024-ல் வந்த ஆய்வு மடிப்புகள் என்று காட்டியது. அதனால்தான் முதலையின் முகத்தில் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. ஆகவே முகத்தில் செதில் முத்திரை குத்த வேண்டாம். சிமெட்ரியை அணைத்துவிட்டு, டிரா ஷார்ப்பால் ஒழுங்கில்லாத பலகோணங்களாகக் கையால் கீறுங்கள். கண்ணருகே சின்னது, தாடைப் பக்கம் பெரிது. ஒரு மாலைப் பொழுது போகும், ஆனால் மாடலைப் பார்ப்பவர் முதலில் நிற்கும் இடம் அதுதான்.

கழுத்துக்கும் மார்புக்கும் முத்திரை பயன்படுத்தலாம். பிரஷின் டெக்ஸ்சரில் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, ஸ்ட்ரோக்கை ‘ஆங்கர்ட்’ ஆக்கினால் இழுக்கும் அளவுக்கு ஏற்ப ஒரே முறை பதியும். பரப்பு படிக்கட்டுப் படிக்கட்டாக வந்தால் படம் 8 பிட், 16 பிட் படத்தைத் தேடுங்கள். முத்திரையைச் சுற்றிச் சதுர விளிம்பு எழும்பினால் படத்தின் பின்னணி நடுச் சாம்பலாக இருக்கிறது என்று பொருள், சாம்பிள் பயஸை மைனஸ் 0.5 ஆக்குங்கள்.

எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டாம். நெற்றியின் மேல்பகுதியும் கொம்பின் நடுப்பகுதியும் வெறுமையாக இருந்தால்தான் கண்ணும் வாயும் எடுப்பாக நிற்கும். நம் கல்தச்சர்கள் யாளியின் பிடரிச் சுருளை ஒரே கொத்தாக ஒதுக்கி, நெஞ்சை வழவழப்பாக விட்டிருப்பதைக் கவனியுங்கள்.

பிரிண்டுக்கு அனுப்புவதானால்

கோவையில் 3டி பிரிண்ட் செய்து தருபவர்களுக்குப் பஞ்சமில்லை. பவுண்டரிகளுக்கு மாதிரி வார்ப்பு செய்து பழகிய ஊர் இது. அவர்களிடம் ஃபைல் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

எல்லாப் பாகங்களும் தலைக்குள் கொஞ்சம் புதைந்திருக்க வேண்டும், தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் பிரிண்டில் உதிரும். நகல் ஒன்றை எடுத்து, மாடிஃபையர்களை அப்ளை செய்து, ஆல்ட் டி நகல்களைத் தனித்தனியாக்கி, இணைத்து, 0.01 வாக்ஸலில் ஒருமுறை ரீமெஷ் செய்தால் ஒரே மூடிய பரப்பு கிடைக்கும். மெல்லிய தோல் விவரம் கொஞ்சம் போகும். 15 செ.மீ. உயரப் பிரிண்டில் அது எப்படியும் தெரியப் போவதில்லை. ஃபைல் கனத்தால் பாலிகானைக் குறைக்கும் டெசிமேட் மாடிஃபையரில் 0.5.

எஸ்டிஎல் என்ற 3டி பிரிண்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால் அதில் அலகு எழுதப்படாது. பிளெண்டரின் 4 மீட்டர் உருவம் ஸ்லைசரில் (பிரிண்டருக்காக உருவத்தை அடுக்கடுக்காக வெட்டும் மென்பொருள்) 4 மி.மீ. ஆக வந்து நிற்கும், எறும்பளவு யாளியைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எக்ஸ்போர்ட்டிலோ ஸ்லைசரிலோ அளவை மாற்றி 150 மி.மீ. உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ரெசினில் (ஒளி பட்டு இறுகும் திரவம்) அடிப்பதானால் உள்ளே குடைந்து சுவர் கனம் 2 முதல் 3 மி.மீ. வைத்து, அடியில் 3 மி.மீ. அளவுக்குக் குறையாத இரண்டு துளை விடச் சொல்லுங்கள். ஒரு துளை ரெசின் வடிய, மற்றொன்று காற்று நுழைய. துளை இல்லாமல் மூடினால் உள்ளே தங்கிய ரெசின் சில மாதம் கழித்துச் சுவரை வெடிக்க வைத்துக் கசியும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் ஃபிலமென்ட் பிரிண்டரில் அடிப்பதானால் கொம்புகளைத் தனியாக அடித்து முளை வைத்துச் செருகுவது நல்லது, துளையில் சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். கொம்பு நுனி 1 மி.மீ.-க்குக் குறைந்தால் கழுவும்போதே முறியும், அதை முன்கூட்டியே மழுக்கிவிடுங்கள். தலையைச் சற்றுப் பின்சாய்த்து வைத்துப் பிரிண்ட் செய்தால் சப்போர்ட் குச்சிகள் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விழும். நிமிர்த்தி வைத்தால் அவை துதிக்கை நுனியிலும் பல்லிலும் ஒட்டிக்கொள்ளும், உடைத்தெடுக்கும்போது பல்லும் கூட வரும்.